கொடி பிடித்த கை

மணல். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சதுப்பு.

1863 ஜூலை 18. அமெரிக்க உள்நாட்டுப் போரின் மூன்றாம் கோடை. தெற்குக் கரோலினாவின் மாரிஸ் தீவில் பொழுது சாய்கிறது. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள், ஏறக்குறைய 600 பேர், கரையில் படுத்துக் காத்திருக்கிறார்கள். எதிரே எதிரியின் வாக்னர் கோட்டை.

அலை அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

*

வில்லியம் கார்னி. வயது 23. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அடிமையாகப் பிறந்தவர். போதகராக வேண்டும் என்று நினைத்திருந்தவர். ஒடுக்கப்பட்ட சகோதரருக்காகத் துப்பாக்கி எடுப்பதும் ஊழியம்தான் என்று தோன்றுகிறது. படையில் சேர்கிறார்.

*

கோட்டையை நோக்கி ஓடுகிறார்கள். கொடி பிடித்தவர் விழுகிறார். கம்பம் சாய்கிறது. கார்னி கை நீட்டுகிறார்.

மனத்தில் அப்போது எதுவும் இருந்திராது. அடுப்படியில் நழுவும் சொம்பைப் பிடிக்கிற கை யோசிப்பதில்லை.

*

மண் அரணின் மேல் கொடியை ஊன்றுகிறார். படைத்தலைவர் ராபர்ட் கூல்ட் ஷாவும் அந்த அரணின் மேல்தான் விழுகிறார்.

பின்வாங்கல். இருட்டு. கார்னியின் உடம்பில் குண்டுகள். முழங்காலால் நகர்கிறார்.

வேறு படைப்பிரிவுக்காரர் ஒருவர் வருகிறார். கொடியை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கார்னி தரவில்லை. 54ஐச் சேர்ந்த ஒருவர் வந்து வாங்கட்டும் என்கிறார்.

எழுதும்போது இந்த இடத்திலேயே இருக்கிறேன். துணி. மரக்கம்பம். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவர். தரவில்லை.

*

சம்பளம். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரருக்கு 10. அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம்.

54ஆம் படைப்பிரிவு அதைத் தொடுவதில்லை. மாதங்கள் போகின்றன. குறைகிற தொகையைத் தான் தருவதாக மாசசூசெட்ஸ் அரசு சொல்கிறது. அதுவும் வேண்டாம் என்கிறார்கள்.

ஊரில் அடுப்பு எப்படி எரிந்தது?

*

காயங்களோடு 1864இல் கார்னி படையை விட்டு வருகிறார். பிறகு நியூ பெட்ஃபோர்டில் தபால்காரர். 30 வருஷத்துக்கும் மேல்.

அப்போது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர் அது. கடலுக்குப் போனவர்களின் கடிதங்களும் அந்தப் பையில் இருந்திருக்கும். பனிக்காலம். தோளில் வார். கால் வலிக்கிறதோ என்னவோ.

ஒரு கதவு திறக்கிறது. கடிதம் கை மாறுகிறது. கதவு மூடுகிறது. அடுத்த வாசல்.

*

1900 மே 23. கார்னிக்கு மெடல் ஆஃப் ஆனர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். வாக்னர் கோட்டையின் அந்த மாலைப்பொழுதுக்குப் பிறகு ஏறக்குறைய 37 வருஷம்.

தாமதம் என்று எழுதுகிறேன். அடிக்கிறேன். வெறும் 37 என்று வைக்கிறேன்.

மூச்சு உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

*

வாக்னர் கோட்டை இருந்த நிலத்தைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. ஷாவையும் அவருடைய வீரர்களையும் ஒரே குழியில் போட்டு மூடிய மணலும் அங்கேதான் இருந்தது. இப்போது தண்ணீர்.

*

பாஸ்டன். மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகைக்கு எதிரே வெண்கலச் சிற்பம். 1897இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் முடித்தது. ஷா குதிரையில். வீரர்கள் நடையில். ஒவ்வொரு முகமும் வேறு முகம். வாக்னரில் இறந்த வீரர்களின் பெயர்கள் 1980களில்தான் அதன் பின்புறத்தில் ஏறுகின்றன.

பெயர் இல்லாத அத்தனை வருஷமும் முகங்கள் அப்படியே.

*

தபால் வேலைக்குப் பிறகு கார்னி அந்த மாளிகையில் வேலை பார்க்கிறார். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குக் காகிதம் கொண்டுபோகும் வேலை. திரும்பவும் ஏதோ ஒன்று கையில்.

1908. லிஃப்டில் கால் மாட்டிக்கொள்கிறது. டிசம்பரில் இறக்கிறார். 68 வயது.

லிஃப்ட் ஏறிய அன்று சட்டையில் பதக்கம் இருந்திருக்காது. வேலை நாள்.