தாளில் பிறந்த ஜாடிகள்

தத்துவ வகுப்பில் பல காலம் பிளேட்டோவை நடத்தியவன் நான். ‘குடியரசு’ பத்தாம் நூலில் அவர் போடும் வரிசை என்றுமே எனக்கு ஒப்பவில்லை: கட்டிலின் மெய்வடிவம் கடவுளுடையது, தச்சன் செய்வது அதன் சாயல், ஓவியன் வரைவது சாயலின் சாயல்.

அந்த வரிசை எங்கே குலைகிறது என்று காண, இத்தாலியச் செதுக்கோவியர் எனேயா வீக்கோ 1543இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஜாடிகளைப் பாருங்கள். கைப்பிடியும் வயிறும் மூக்கும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. முகமூடியும் இலைக்கொடியுமாக வெற்றிடமே இல்லை. (தண்ணீர் மொள்ள நினைப்பவர் பாடு திண்டாட்டம்தான்.) அடியில், ரோமில் கிடைத்த பழம்பொருள் என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அகொஸ்தினோ வெனெசியானோவும் தம் ஜாடிப் படங்களில், பழைய சிற்பிகள் வெண்கலத்திலும் பளிங்கிலும் இப்படித்தான் செய்தார்கள் என்று பொறித்திருந்தார். ஆனால் இத்தகைய ஜாடிகளில் பல, எந்த மண்ணிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல, கற்பனையே.

பொய்தானே? ஆமாம், சந்தேகமில்லை. ஆனாலும் இத்தகைய அச்சுகள் பொற்கொல்லர்களுக்கு மாதிரியாயின. அப்படியானால் வெள்ளி ஜாடிதான் சாயல், தாள் மூலம். பிளேட்டோவின் மூன்றாம் படியில் நின்றவன் தச்சனைத் தாண்டி மேலே போய்விட்டான். அங்கே போனவன் தன் பெயரில் உரிமை கொண்டாடாமல், செத்துப்போன ரோமானியர்களுக்கு ஏன் பட்டா எழுதிக் கொடுத்தான்? அடக்கம் என்பார்கள். வியாபாரம் என்பேன் நான்: பழமை என்றால்தான் விலைபோகும்.