உலையில் இடும் முன் ஒரு பிடி

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் 'ஊழியம்' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒருவர் அரசுப் பணியையோ ஆசிரியப் பணியையோ விட்டுவிட்டு நற்செய்தி அறிவிக்கப் புறப்பட்டால், அவர் ஊழியத்துக்கு வந்துவிட்டார் என்று சபையார் மகிழ்கிறார்கள்; அதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் முழுநேர ஊழியர் எனப்படுகிறார். இவ்வழக்கில் குறை காண ஏதுமில்லை எனத் தோன்றினாலும், இதன் மறுபக்கத்தில் சொல்லப்படாத ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிரசங்க மேடையில் நிற்பவரின் வேலை கடவுளுக்கு உரியது என்றும், வயலில் நாற்று நடுபவர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், பேருந்து நடத்துநர் ஆகியோரின் வேலை வயிற்றுப்பாட்டுக்கு உரியது என்றும் அது பிரித்துவைக்கிறது. இப்பிரிவினை நிலைத்துவிட்ட இடத்தில் விசுவாசம், அதாவது கடவுள்மீது வைக்கும் நம்பிக்கையும் அந்நம்பிக்கைக்கு உண்மையாக நடக்கும் உறுதியும் சேர்ந்த ஒன்று, வாரத்தில் சில மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

அச்சொல்லின் பழைய வாழ்க்கையோ முற்றிலும் வேறானது. 19ஆம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியில்லாமல் செய்தாக வேண்டியிருந்த கட்டாய வேலையின் பெயர். ஞாயிற்றுக்கிழமையிலாவது தங்கள் சபையார் அதிலிருந்து விலக்குப் பெற வேண்டும் என்று அங்கிருந்த மிஷனரிகள் வாதாட வேண்டியிருந்தது. சுமை தூக்கிய முதுகுகளுக்குரிய அச்சொல்லையே திருப்பணிக்கு வைத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நிகராக வரும் 'தியாக்கோனியா' என்ற சொல்லும் பந்தியில் பரிமாறுவது உள்ளிட்ட எளிய பணிவிடையைக் குறிப்பதுதான். அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் விடுபட்டுப் போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுகிறது. அங்கே உணவு பகிர்வதற்கும் வசனம் போதிப்பதற்கும் மூலநூல் இந்த ஒரே சொல்லைத்தான் ஆள்கிறது. ஆனால் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் மொழிபெயர்ப்பில் முன்னது 'விசாரணை' எனவும், பின்னது 'ஊழியம்' எனவும் பிரிந்து நிற்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் தெளிவுக்காகவே அவ்வாறு செய்திருக்க வேண்டும். எனினும் ஒரு சொல் இரண்டானபோது சோற்றுப் பானையின் பக்கம் இருந்த மகிமை குறைந்துவிட்டது. பந்தியைக் கவனிப்பதற்காக வசனத்தை விட்டுவிடுவது தகாது என்று அப்போஸ்தலர்கள் கூறியதை எடுத்துக்காட்டி இதை மறுப்பவர்கள், அந்தப் பந்தியைக் கவனிக்க ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத்தான் தேட வேண்டும் என்று அவர்களே விதித்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சோறு பகிர்வதற்கு ஆவியின் நிறைவு எதற்கு என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை.

எபிரேய மொழியில் 'அவோதா' என்ற ஒரு சொல்லே உழைப்பையும் வழிபாட்டையும் சுட்டுகிறது. தமிழிலும் தொழுதல், தொழில் என்னும் இரண்டும் ஒலியில் உடன்பிறந்தவை போல அருகருகே நிற்கின்றன. நாசரேத்தூரில் இயேசு தச்சராகவும், கொரிந்து நகரில் பவுல் கூடாரம் செய்பவராகவும் கைகளால் உழைத்ததை நற்செய்தி நூல்களும் நடபடிகளும் மறைக்கவில்லை. ஆக, இரண்டையும் வெட்டிப் பிரிக்கும் வழக்கம் வேதத்திலிருந்து வந்ததன்று. அது வசதியிலிருந்து வந்தது. வழிபாட்டுக்கு நேரம் ஒதுக்குவது எளிது. வழிபாட்டை வேலைக்குள் கொண்டுபோவதோ மிகக் கடினம்.

அக்கடினத்தை ஒரு சமையலறைக்குள் வைத்து வாழ்ந்து காட்டியவர் சகோதரர் லாரன்ஸ். பிரான்சு நாட்டின் லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, போர்வீரராக இருந்து காலில் காயம்பட்ட அவர், பாரீசில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் மடத்தின் சமையலறையிலும், பின்னர் செருப்புத் தைக்கும் பணியிலும் இருந்து 1691இல் மறைந்தார். சமையல் வேலை இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத ஒன்று என்பதுதான் அவருடைய வாழ்வில் கவனிக்க வேண்டிய செய்தி. மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்க வெளியூருக்கு அனுப்பப்பட்டபோது, ஊனமான காலை வைத்துக்கொண்டு படகில் நடமாட இயலாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே இடம் மாறிக் கொள்முதலை முடித்துவந்தார். வணிகத்தில் அவருக்குத் திறமையும் இல்லை. ஆயினும், இது கடவுளுடைய வேலை என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்ததால் அது ஒழுங்காக முடிந்தது என்பது அவருடைய எளிய விளக்கம். செபநேரத்தில் கடவுளோடு இருந்ததற்கும், தட்டுமுட்டுச் சாமான்களின் ஓசைக்கு நடுவே பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருள் கேட்டு அழைக்கும்போது இருந்ததற்கும் தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்று அவர் கூறியதாக, அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்த நூல் தெரிவிக்கிறது. இந்நிலை ஒரு நாளில் வாய்த்ததன்று. மனம் விலகும்போதெல்லாம் வருந்தி உட்கார்ந்துவிடாமல் அதைத் திருப்பிக் கொண்டுவரும் பயிற்சியை அவர் முதல் பத்து ஆண்டுகள் துன்பத்தோடேயே செய்தார். விசுவாசத்தை உணர்ச்சிப் பெருக்காக மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தப் பத்து ஆண்டுகள் பெரிய ஆறுதல்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் இதே உண்மையைப் பெண்கள் வேறொரு முறையில், எழுத்தில்லாமல், கைப்பழக்கமாகவே வைத்திருந்தார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். சோறு வடிப்பதற்கு அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், களைந்து உலையில் இடும் முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரையின் மூலையில் உள்ள சிறு பானையில் போட்டு மூடிவைப்பார்கள். அந்தக் கணத்தில் வாய்க்குள் ஒரு சிறு ஜெபமும் இருக்கும். வாரக் கடைசியில் அந்தப் பானையின் அரிசி கோவிலுக்குப் போகும். மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய இத்தகைய வழக்கம் இன்றும் அச்சபையின் பொருளாதாரத்துக்குத் தூணாக விளங்குகிறது. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதுமன்று. விருதுநகரில் நாடார் சமூகத்தார் வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காஞ்சி மடத்தின் வழியாகவும் இப்பெயரில் ஓர் அறப்பணி நடந்தது. நல்ல பழக்கம் எங்கிருந்து வந்தாலும் அது நற்செய்திக்கு அந்நியமாகிவிடுவதில்லை.

இப்பழக்கத்தின் உள்ளமைப்பு சற்று நின்று நோக்கத் தக்கது. எடுக்கப்படுவது மிச்சமன்று, வீட்டார் உண்பதற்கு முன்பே, பானை நிறையுமா என்று தெரிவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. கையில் காசே புழங்காத வீட்டுப் பெண்ணுக்கும் அது இயலும். கணவரிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அளக்கும் கருவி அவளுடைய கை. பஞ்ச காலத்தில் பிடி சிறுக்கலாம், அறுவடைக் காலத்தில் பெருகலாம், அதை வேறெவரும் பார்ப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1903இல் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவரும், 1912இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அமர்த்தப்பட்டவருமான வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மாலா, மாதிகா மக்களாகிய மிக வறிய விசுவாசிகளிடமும் காணிக்கையை எதிர்பார்த்தார். ஏழைகளிடமே கேட்பதா என்று எவருக்கும் தோன்றக் கூடும். ஆனால் வாழ்நாள் முழுவதும் வாங்கும் இடத்திலேயே நிறுத்தப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பவரின் நிலையைத் தருவதும் அவருடைய மாண்பை மீட்பதே என்பதை அசரியா உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் பிடியரிசி எடுக்கும் அதே வீட்டில் வேலைக்காரருடைய கூலி நிலுவையில் நின்றால் அந்தப் பானைக்குப் பொருள் இல்லாமல் போகும். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் இவ்வகையில் மிகக் கூர்மையானது. மக்கள் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. பரிசுத்தம் என்றதும் தூபமும் பலிபீடமும் விரிவாக வரும் என்று எதிர்பார்ப்பவர், விரைவில் வயலின் ஓரத்தில் வந்து நிற்கிறார். அறுவடையின்போது வயலின் மூலைகளை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும். கூலியாளின் கூலி விடியும்வரை வேலை கொடுத்தவரிடம் தங்கக் கூடாது. தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்க முடியாத செவிடரை நிந்திக்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்க வேண்டும். மரக்காலுக்குள்ளும் கூலிப் பணத்துக்குள்ளும் பரிசுத்தத்தைத் தேடச் சொல்லும் இந்த அதிகாரம் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் தரும் தேதியைப் பற்றியும் பேசுகிறது என்பதில் ஐயமில்லை.

அலுவலகத்தைப் பொறுத்தவரை தமிழுக்கு ஒப்பற்ற ஒரு சான்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்பு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக, அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதியாக, பணியாற்றினார். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழின் முதல் நாவலாசிரியராக அறியப்படும் அவருடைய விசுவாசத்தை அவருடைய நீதிமன்ற வாழ்விலும் தேட வேண்டும். கைக்கூலி, அதாவது இலஞ்சம், அலுவலக நடைமுறையாகவே இருந்த காலத்தில் அதைத் தம் பாடல்களில் கடுமையாகச் சாடினார். ஆங்கிலம் அறியாத வழக்காளிகளுக்கும் விளங்க வேண்டும் என்று மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862இல் வெளியிட்டார். தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். அதைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். எல்லாச் சமயத்தாரும் பாடத் தக்க இறைப்பாடல்களை வேதநாயகம் இயற்றினார் என்பதும், சிவனடியாரான ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பைப் பாடினார் என்பதும் ஒன்றையொன்று விளக்கும் செய்திகள். சாட்சி என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் தாம் கண்டதைத் தாமே எழுந்து சொல்வதாகப் பயன்படுத்துகிறார்கள். நீதிமன்றத்தில் வாழ்ந்த வேதநாயகத்துக்கோ சாட்சி சொல்ல வேறொருவர் வந்தார்.

இத்தகைய வாழ்வுகளின் பக்கத்திலேயே ஒரு பெரிய தோல்வியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது உண்மையன்று. தமிழகத் திருச்சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, பந்தியில் சேர்ந்து அமர்வதையும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறுவதையும் ஏற்க மறுத்துச் சபையை விட்டுப் போனவர்கள் ஏராளம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் வழிபடச் சுவரே எழுப்பப்பட்டிருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் இன்றும் உண்டு. ஆராதனையில் கண்ணீர் விட்டுப் பாடியவர்கள் பெண் கொடுக்கும்போதும் பிணம் புதைக்கும்போதும் வேறு மனிதர்களாகிவிட்டார்கள் என்றால், குறை அவர்களுடைய பாடலில் இல்லை. பாடல் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. பெரிய கொள்கைகளைவிட, யார் வீட்டுக் குவளையில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதிலேயே இவ்விஷயம் தீர்மானமாகிறது.

அதனாலேயே திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சபைகளில் நடைபெறும் அசனத்தை வெறும் விருந்தாகக் கருதிவிட முடியாது. அசனம் என்றால் உணவு. கோவில் பண்டிகையை ஒட்டி, சபையார் அரிசியும் ஆடும் விறகும் காசும் தந்து, கோவில் வளாகத்திலேயே சமைத்து, ஊரார் யாவரும் வரிசையில் அமர்ந்து உண்பது. முதல்நாள் இரவே வெங்காயம் உரிக்கவும் இஞ்சி பூண்டு தட்டவும் பெண்கள் கூடிவிடுவார்கள்; விடியுமுன் பெரிய அண்டாக்களில் உலை கொதிக்கும்; ஊர்ப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்றுக் கூடையைத் தூக்குவார். யாருக்குப் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பதை அன்று இலைதான் முடிவு செய்கிறது; முந்திய இலை நிறைந்தவுடன் அடுத்த இலையில் அமர்ந்தாக வேண்டும். அந்த வரிசை முழு மனத்தோடு அமைந்த ஊர்களும் உண்டு, ஓரிரு இலைகள் தள்ளிப் போடப்படும் ஊர்களும் உண்டு. பந்தி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அந்த ஊரின் நிலவரத்தைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஒவ்வோர் ஆண்டும் அந்த அண்டாவைக் கழுவும் கைகள் யாருடையவை என்பது அவருக்குத் தெரியும்.