சூலைக்கு மருந்து எங்கே இருந்தது?
(குரங்கணியில் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து)

தம் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவபெருமானையே தூது அனுப்பினார். நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் சாமி நடக்கிறார். இதைக் கேள்விப்பட்ட இன்னொரு சிவனடியார் ஏயர்கோன் கலிக்காமருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவனை ஏவலாளாக்கினவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். என்னைக் கேட்டால் நானும் அவர் கட்சிதான்!

இறைவன் பஞ்சாயத்து வைக்கவில்லை. கலிக்காமருக்குச் சூலை நோயைக் கொடுத்து, சுந்தரன் வந்தால்தான் தீரும் என்றார். அவன் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சுந்தரர் வந்துகொண்டிருக்கிறார். கலிக்காமரின் மனைவியைப் பாருங்கள். கணவர் உள்ளே பிணமாகக் கிடக்கிறார்; யாரும் அழக்கூடாது என்று சொல்லி, விளக்கும் நிறைகுடமும் வைத்து விருந்தாளியை வரவேற்கச் சொல்கிறார். அந்த மனசு நமக்கு வருமா?

உள்ளே போன சுந்தரர் தன் பக்க நியாயத்தைப் பேசவில்லை. தானும் சாகிறேன் என்று அந்த வாளைப் பிடித்தார். உயிர் திரும்பிய கலிக்காமர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். ஒருவர் காலில் ஒருவர் விழுந்து, சேர்ந்தே திருப்புன்கூர் போய்க் கும்பிட்டார்கள். தூது அனுப்பியது சரியா தப்பா? அதற்குக் கடைசிவரை தீர்ப்பே இல்லை.

நமக்கும் அப்படி ஒரு சண்டை வந்தது. 2011 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு நமக்குச் சோறு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தாருக்கோ 1895-இல் கட்டி முடிந்த அணை உடைந்துவிடுமோ என்ற பயம். குமுளியில் 144 தடை. ஏலத்தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களை அங்கே மிரட்டினார்கள், அடித்தார்கள். பலர் காட்டுவழியாக மலை இறங்கி வந்தார்கள். இங்கே மட்டும் என்ன? மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள்கூட வழி மாறிப் போக வேண்டியதாயிற்று.

142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மே மாதம். அணைச் சண்டை அதோடும் ஓயவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னாலேயே போடிமெட்டில் தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள் ஏற ஆரம்பித்துவிட்டன. ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. பழுத்தால் எடுத்தாக வேண்டும். முதலாளிக்குக் கை வேண்டும், நமக்குக் கூலி வேண்டும். வயிற்றுப்பாடுதானே என்று இதைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நோய்க்கு மருந்தைச் சண்டைக்காரன் கையில் வைக்கிறது ஆண்டவனுக்குப் பழக்கம்.

அதற்காக, அடிபட்டவளிடம் போய் "மறந்துடு ஆத்தா" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. கூலி பாக்கி இருந்தால் முதலில் அதை எண்ணி வை. கடையை உடைத்தாயா, கதவை மாட்டிக் கொடு. நோயாளி எழுந்து போகவில்லை, சுந்தரர்தான் தேடி வந்தார்.

கோயில் வரி, தண்ணீர்க் குழாய் என்று நம் ஊர்களிலும் பேச்சுவார்த்தை நின்ற வீடுகள் உண்டு. மைக் போட்டு, கூட்டம் கூட்டி மன்னிப்புக் கேட்க வைத்தால் முறைப்புதான் மிஞ்சும். இரண்டு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஒருவர் இருட்டின பிறகு நடந்து போகட்டும். முதல் நடையில் கதவு திறக்காமல் போகலாம். அர்ச்சகர் வேடத்தில் வந்த சாமியையே பரவையார் முடியாது என்று திருப்பி அனுப்பினார். சாமி சுந்தரரிடம் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, அதே ராத்திரி மறுபடியும் போனார். இந்தத் தடவை வேடத்தைக் கலைத்துவிட்டு, சொந்த உருவத்திலேயே.