திரையில் வரும் தேதியும் நாம் காக்கும் நாளும்

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவர்க்குத் தேதி என்பது வெறும் எண்ணன்று. தேதியிடாத கடிதம் நம் மேசையில் கடிதமாகவே கருதப்படுவதில்லை. கையொப்பத்தின் கீழ்த் தேதி இல்லையேல் அக்கையொப்பத்திற்கும் மதிப்பில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேதிகளைச் சரிபார்த்தே ஊதியம் பெற்றுவரும் நமக்கு, நம் மகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று அண்மையில் ஒரு வினாவை எழுப்பிற்று. அவ்வினாவை இம்மலரின் வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

திரைப்படங்களில் காட்சியாகவோ உரையாடலாகவோ வரும் தேதிகளைக் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அத்தேதி வரும்போது அப்படத்தைக் காணும் வழக்கம் ஆர்வலர் சிலரிடம் உண்டு. நம் மகளும் அவர்களுள் ஒருத்தி. மாதத்திற்கு ஒரு பக்கமாகப் பிரித்து, தேதியும் படத்தின் பெயருமாக அவள் எழுதி வைத்திருந்த அழகு, நம் அலுவலகப் பதிவேடுகளையே நினைவூட்டியது. ஆயினும் நாம் கேட்டோம்: "நடவாத கதைக்கு நாள் குறித்துப் போற்றுவது, பொய்யைப் போற்றுவது ஆகாதா?" அவள் திருப்பிக் கேட்டாள்: "அப்படியானால் ஒரு தேதி எப்போது மெய்யாகிறது, அப்பா?"

உடனே விடை கூற இயலவில்லை. நோட்டைப் புரட்டினோம். டிசம்பர் 11 என்ற இடத்தில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. 1960-இல் வெளிவந்த அப்படம், வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11 என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது. ஆண்டு குறிப்பிடப்படவில்லை. பழைய நாள்காட்டியைப் பார்த்தால், 1959-இல் அந்நாள் வெள்ளிக்கிழமையே. 'பேக் டு தி ஃபியூச்சர்' என்னும் 1985-ஆம் ஆண்டுப் படத்தில், மணிக்கூண்டில் இடி விழும் இரவு 1955 நவம்பர் 12, சனிக்கிழமை. அதுவும் பொருந்துகிறது. கதை கற்பனையாயினும் நாள்காட்டியை மீறவில்லை. பொய் சொல்பவன் நாளை மாற்றுவான். கற்பனை செய்பவனோ நாளுக்குக் கட்டுப்படுகிறான். இந்த வேறுபாடு நமக்கு முதலில் புலனாயிற்று.

அப்படத்தின் இரண்டாம் பாகம் 1989-இல் வந்தது. அதன் நாயகன் 2015 அக்டோபர் 21-க்குப் பயணம் செய்கிறான். அந்நாள் வருமுன்னரே, 2010-இலும் 2012-இலும், யாரோ படத்தின் காட்சியிலுள்ள தேதியைத் திருத்தி, "இன்றுதான் அந்த நாள்" என்று பரப்பிவிட்டனர், பலரும் நம்பினர். உண்மையான அக்டோபர் 21 வந்தபோது, பல நாடுகளில் மக்கள் கூடிப் படத்தைக் கண்டு மகிழ்ந்தனர். அவ்வாண்டு பேஸ்பால் கோப்பையை வெல்லும் என்று படம் கூறிய சிகாகோ அணி, அதே நாளில் தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறியது. எதிர்பார்ப்பு பொய்த்தது, கூடியவர் மகிழ்ச்சி பொய்க்கவில்லை. 'டெர்மினேட்டர் 2' படத்தில் உலகம் அணுப்போரில் அழியும் நாளாகக் குறிக்கப்பட்டது 1997 ஆகஸ்ட் 29. அந்நாள் அமைதியாகவே கழிந்தது. சில தேதிகள் பொய்ப்பதே மனித குலத்திற்கு நன்மை.

நம் தலைநகரிலேயே இதனினும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. அட்டன்பரோ இயக்கிய 'காந்தி' திரைப்படத்தின் இறுதி ஊர்வலக் காட்சி, அண்ணலின் உடல் ஊர்வலமாகச் சென்ற 1948 ஜனவரி 31-க்குச் சரியாக 33 ஆண்டுகள் கழித்து, 1981 ஜனவரி 31 அன்று, அந்நாளில் ராஜபாதை எனப்பட்ட சாலையில் படமாக்கப்பட்டது. மூன்று லட்சம் பேர் திரண்டனர். பெரும்பாலோர் தாமே வந்தவர்கள். திரையில் அது தோன்றுவது சிறிது நேரமே. அக்கூட்டத்தில் இளைஞராக நின்ற தமிழர் ஒருவர் நம் குடியிருப்பில் வாழ்ந்தார். தாம் அன்று அழுததாகக் கூறுவார். "நடிப்பென்று அறிந்துமா?" என்று ஒருமுறை கேட்டோம். "ஊர்வலம் நடிப்புத்தான், தம்பி, நாள் நடிப்பில்லையே" என்றார். 1948-இல் பிறவாத அவர், அந்தத் தேதியின் வழியே அந்தத் துயரில் பங்குபெற்றார் என்றே கருதுகிறோம்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பிறந்தது ஆடிப்பெருக்கின் மறுநாள் என்பது அன்னையார் வாக்கு. பள்ளியில் சேர்க்கத் தந்தையார் அழைத்துச் சென்ற ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறையவில்லை. தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அதுவே பணிப்பதிவேடு வரை வந்து நிலைத்துவிட்டது. மூன்று மாதம் முன்னதாகவே ஓய்வு பெறுவோம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையோடு வைத்து எண்ணலாம் என்று வள்ளுவர் இடமளித்தது இத்தகைய பொய்க்குத்தான் போலும் என்று நாமும் அமைதி கொண்டிருந்தோம்.

ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் நம் மேசைக்கு ஒரு குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் வந்தது. மறைந்த கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவியார் அனுப்பியது. கணவரின் பிறந்த தேதி இரண்டு தாள்களில் ஒரு நாள் வேறுபட்டிருந்தது. "முரண்பாடு, திருப்பி அனுப்பலாம்" என்று குறிப்பெழுதினோம். விதிப்படி அது சரியே. அந்த அம்மையார் ஊருக்கும் அலுவலகத்திற்குமாக அலைந்து மூன்று மாதம் கழித்தே பணம் பெற்றார். பழைய பதிவேட்டைக் கேட்டு நாமே ஒரு கடிதம் எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். தம் பதிவேட்டிலேயே பொய்த் தேதியைச் சுமப்பவர், ஓர் ஏழையின் ஒரு நாள் பிழையைப் பொறுக்கவில்லை! மகளின் வினாவைக் கேட்டபோது நம் நெஞ்சில் முதலில் எழுந்தது அம்மையாரின் முகமே.

தேதியோடு தேதியை ஒப்பிடும் தொழில் நம் மகளுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அவள் ஒப்பிடுவது, ஒரு கதையையும் அதிலுள்ள மாந்தரையும் மறவாதிருப்பதற்காக. நாம் ஒப்பிட்டது, ஒருவரைத் தடுத்து நிறுத்துவதற்காக. தேதி என்பது மனிதர் மனிதரை மறவாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த நோக்கத்தோடு காக்கப்படும்போது கற்பனைத் தேதியும் மெய்யாகிறது. அந்த நோக்கத்தை இழந்தால் முத்திரையிட்ட தேதியும் வெறும் மையே. விதிகள் வேண்டா என்பதன்று நம் கருத்து. முரண்பாடு கண்டால் அதனைத் தீர்க்கும் பொறுப்பில் பாதியேனும் கண்டவர்க்கு உண்டு என்பதே. இப்போது அத்தகைய தாள் வந்தால், திருப்பி அனுப்புமுன் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறோம்.

இதனையே மகளிடம் விடையாகக் கூறினோம். மறுவாரம் அந்நோட்டைப் பார்த்தபோது, ஆகஸ்டுப் பக்கத்தில் அணுப்போர்ப் படத்திற்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது: "அப்பா பிறந்த நாள் – பாட்டி சொன்னது."