விடுவிப்பது இரக்கமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓடும் சஸ்குவெஹானா ஆற்றில், இலையுதிர்காலம் தூண்டில்காரர்களுக்கு உகந்த பருவம். நீர் குளிரத் தொடங்கியதும் 'ஸ்மால்மவுத் பாஸ்' என்னும் மீன், வரவிருக்கும் கடுங்குளிரைத் தாங்கும் பொருட்டு, கிரேஃபிஷ் என்னும் நன்னீர் இறால்வகையையும் சிறுமீன்களையும் நிறைய உண்கிறது. அந்தப் பசியே அதனைத் தூண்டிலில் சிக்க வைக்கிறது.

ஆயினும், பிடித்தவர் பலர் அதனை வீட்டிற்குக் கொண்டு செல்வதில்லை. 2005-இல் அவ்வாற்றில் இம்மீனின் குஞ்சுகள் நோயுற்று மடிந்தன. அதன் பின்னர், 2011-இல், ஆற்றின் நடுப்பகுதியில் பிடிபடும் மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. உண்பதற்காகப் பிடிப்பவனைக் காட்டிலும், பிடித்து மகிழ்ந்தபின் விடுவிப்பவன் நல்லவனா? பேதுரு கலிலேயாவில் வலைவீசியது பிழைப்புக்காக. அவர் தூண்டில் போட அனுப்பப்பட்டபோதும் (மத் 17:27) கோவில் வரி செலுத்த வேண்டிய தேவை இருந்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது எனக் கற்பிக்கிறது. பொழுதுபோக்கு ஒரு தேவையாகுமா?

அவசரப்பட்டுத் தீர்ப்பிடவும் மனம் வரவில்லை. நல்ல தூண்டில்காரர், முள்ளில் பின்னோக்கி நீட்டிய சிறுமுனையை நசுக்கிவிடுகிறார். மீனின் மேற்பூச்சு சிதையாதிருக்கக் கையை நனைத்துக்கொள்கிறார். நொடிப்பொழுதில் அதனை நீருக்குத் திருப்பி அனுப்புகிறார். ஆற்றின் நோயை உணர்ந்து வருந்துவோரும் இத்தகையோரே.

எனினும், நம்மால் விளைந்த துன்பத்தை நாமே நிறுத்துவது கடமை. அதற்கு இரக்கம் என்று பெயரிடும்போது நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். கூலியாளின் ஊதியத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, திருவிழா நாளில் கொடுத்துவிட்டு, வள்ளல் என்று பெயர் பெறுபவர் நம் பங்குகளிலும் இல்லையா? அவர் கொடுத்தது அவருடையது அன்றே!

கோடை வெப்பத்தில் ஆறு சூடேறி மீன்கள் சோர்ந்திருக்கும் நாளில், தன் ஆவலை அடக்கித் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்புகிறாரே ஒருவர், அவரிடமே இரக்கம் தொடங்குகிறது. அதனைக் காண்பவர் எவருமில்லை, படைத்தவர் காண்கிறார்.