பின்னால் யாரும் இல்லாத இடம்

கப்பலில் மருத்துவராகவோ செவிலியராகவோ போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றியும் பார்க்கக் கிடைக்கும் நாடுகளைப் பற்றியும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் முடிவெடுக்க அது போதாது. கரையில் மருத்துவம் பார்ப்பவருக்குப் பின்னால் எப்போதும் யாரோ இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் தாலுகா மருத்துவமனை, அதற்குப் பின்னால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இடையில் ஓட 108 ஆம்புலன்ஸ். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்ற வார்த்தையை நம்பித்தான் நம் ஊர் மருத்துவம் நடக்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்படும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் கடலில் இருக்கும். நடு வங்கக் கடலில் அந்த வார்த்தைக்குப் பொருளில்லை. ஹெலிகாப்டர் பறந்து வரும் தூரத்துக்கும் எல்லை உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: கடல் பிடிக்கும் என்பதற்காக இந்த வேலைக்குப் போகக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து, கை பழகிய பிறகே போக வேண்டும்.

முதலில், வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற மருத்துவர் இருந்தாக வேண்டும். இருபது, இருபத்தைந்து பேரோடு ஓடும் சரக்குக் கப்பலை இந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே வழி குறிக்கும் இரண்டாம் அதிகாரியே பெரும்பாலும் வைத்தியமும் பார்க்கிறார். சில நாள் பயிற்சி, பூட்டிய மருந்துப் பெட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் கப்பல் மருத்துவக் கையேடு, இவைதான் அவருக்குத் துணை. ஆக, மருத்துவப் படிப்பு படித்தவருக்கு இடம் இருப்பது சொகுசுக் கப்பலிலும் எண்ணெய்த் துரப்பண மேடையிலும் ஆய்வுக் கப்பலிலும் கடற்படையிலும்தான்.

‘இளமைதானே துணிச்சல் தரும், அனுபவத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் 1942 செப்டம்பரில் சீட்ராகன் என்ற அமெரிக்க நீர்மூழ்கியில் நடந்ததைச் சான்றாகக் காட்டலாம். மருத்துவரே இல்லாத அந்தக் கப்பலில் ஒரு மாலுமிக்குக் குடல்வால் அழற்சி. 23 வயதான மருத்துவ உதவியாளர் வீலர் லைப்ஸ், கடலுக்கடியில், அதிகாரிகள் சாப்பிடும் மேஜையில் அவரைக் கிடத்தி அறுவை செய்தார். தேநீர் வடிகட்டி ஈத்தர் முகமூடியானது, வளைத்த கரண்டிகள் காயத்தை விரித்துப் பிடித்தன. மாலுமி பிழைத்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. லைப்ஸ் அதற்கு முன்பே குடல்வால் அறுவைகளில் உடனிருந்து உதவியவர். என்ன செய்யப் போகிறோம் என்பதை அவர் கண் முன்னமே பார்த்திருந்தது. அதைவிட முக்கியம் பின்னால் நடந்தது. இப்படி மற்ற நீர்மூழ்கிகளிலும் கத்தி எடுக்கத் தொடங்கியபோது, கடற்படை அதை ஊக்குவிக்கவில்லை. கத்தியைத் தவிர்த்து, மருந்தும் ஓய்வுமாகக் கரை சேரும்வரை காக்கவே வழிகாட்டியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாடித் துடிப்பைப் பார்த்தபடி ஓர் இரவைக் கடத்துவதற்குத்தான் அதிகத் தேர்ச்சி வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பொறுமை பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

இன்று செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறதே, கரையிலுள்ள நிபுணர் திரையில் வந்துவிடுவாரே என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் கரையிலிருந்து ஆலோசனை சொல்வது புதிதல்ல. ரோம் நகரில் குய்டோ குய்டா என்ற மருத்துவர் 1935இலேயே கப்பல்களுக்கு வானொலி வழியே இலவசமாக மருத்துவ ஆலோசனை தரும் மையத்தைத் தொடங்கினார். அதன் முதல் தலைவர் மார்க்கோனி. அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. என்றாலும், கரையிலுள்ளவர் என்ன கேட்பார்? வயிறு கல்லாக இறுகியிருக்கிறதா, அழுத்திய கையை எடுக்கும்போது வலி கூடுகிறதா என்றுதான். பதில் சொல்ல ஒரு கை அந்த வயிற்றைத் தொட வேண்டும். கை தவறாகச் சொன்னால் நிபுணரும் தவறாகவே சொல்வார்.

‘தலைவலி, கடல் மயக்கம், சளி இவற்றைப் பார்த்தே கற்ற வித்தை துருப்பிடித்துவிடும்’ என்ற அச்சத்தில் பாதி உண்மை. ஆண்டுக்கணக்கில் கரைக்கே திரும்பாமல் இருந்தால் அறுவைக் கூடத்து வேகம் குறையும். அதனால் ஒப்பந்த இடைவெளிகளில் மருத்துவமனைப் பணிக்குத் திரும்புவது நல்லது. மறுபாதிக்கு வருவோம். கப்பலில் சிறிய நோய் என்று தள்ளிவிட எதுவும் இல்லை. 1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் அதன் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் முந்தி எழுந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். சாப்பாட்டில் இருந்த குறையைக் கவனித்ததே பெரிய மருத்துவமாக முடிந்தது. இன்றும் அப்படித்தான். வயிற்றுப்போக்கை மறைத்துக்கொண்டு ஒரு சமையற்காரர் அடுப்படியில் நின்றால், நோரோ வைரஸ் சில நாளில் கப்பலெங்கும் பரவிவிடும். அவர் ஏன் மறைக்கிறார்? ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, வருமானம் நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தாண்டி ‘டாக்டர், எனக்கு முடியவில்லை’ என்று அவரைச் சொல்ல வைப்பதும் சிகிச்சைதான். 2020இல் கொரோனா முடக்கத்தால் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் ஏறத்தாழ நான்கு லட்சம் கடலோடிகள் சிக்கிக் கிடந்தார்களே, அவர்களின் உறக்கமின்மைக்கு எந்த ஸ்கேனும் தேவைப்படவில்லை, உட்கார்ந்து கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

குடும்பம், பிள்ளைகள் என்று வேர்விட்ட பிறகு மாதக்கணக்கில் பிரிந்திருப்பது கடினம், போவதானால் இளமையிலேயே போக வேண்டும் என்ற வாதத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. அந்த இழப்பு மெய்யானது, ஒத்திவைப்பவர் அதைத் தெரிந்தே ஒத்திவைக்க வேண்டும். இருந்தாலும் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளாததற்குக் காரணம் நோயாளி மட்டுமல்ல. கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பும் அதிகாரம் கேப்டனுடையது. திருப்பினால் எரிபொருள், நேரம், கட்டணம் என எல்லாம் கூடும். மருத்துவருக்குச் சம்பளம் தருவதும் அந்தக் கப்பலை ஓட்டும் தரப்புதான். தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிற கேப்டனிடம் போய், ‘இவர் நாளை வரை தாங்க மாட்டார், கப்பலைத் திருப்புங்கள்’ என்று சொல்லி, அதையே மருத்துவப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தன் கணிப்பில் தனக்கே உறுதியில்லாதவரின் பேனா அந்த இடத்தில் தயங்கும்.