தனக்கென்று ஓர் உலை

வயதானவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் அதையே போனில் சொல்கிறார். இவற்றில் எதுவும் அவர்களுக்குத் தெரியாததல்ல. சர்க்கரை நோயோடு பல காலம் வாழ்ந்தவருக்கு எதைத் தின்னக் கூடாது என்பது மனப்பாடம். தெரிந்தும் ஏன் கேட்பதில்லை என்று நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு முன் அவர்களுடைய அன்றாடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

கணவர் போனபின் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் அடுக்களையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு வடித்துக் கொட்டிய கை அது. ஒருத்திக்காகக் குழம்பு கூட்டி, பொரியல் வதக்கி, இத்தனை பாத்திரம் துலக்க வேண்டுமா என்று இப்போது தோன்றிவிடுகிறது. காலையில் ஒரு பிடி அரிசி போட்டால் மதியத்துக்கு மோரும் ஊறுகாயும் ஆயிற்று. இரவுக்கு அதே சோறு; இல்லையென்றால் டீயும் இரண்டு பிஸ்கட்டும். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயைக் காட்டி அவரிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார், மறுநாளும் அதையே சாப்பிடுவார். அவருடைய குறை நாக்கில் இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாததில் இருக்கிறது. பேரன் லீவுக்கு வருகிறான் என்று தெரிந்தால் அதே கை கீரையைத் தேடி வாங்கி ஆய்கிறது.

இன்னொன்று, யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம். நம் வீடுகளில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். இந்த எண்ணம் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. ராத்திரி எழுந்து போக வேண்டுமே, மூட்டு வலியோடு யாரை எழுப்புவது என்று பல பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். முதுமையில் தாக உணர்வே மங்கிவிடும். அதோடு இதுவும் சேர்ந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழுந்ததும் தலைசுற்றல். தலைசுற்றலையும் மகளிடம் சொல்ல மாட்டார்கள். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வெளியே காட்டிக்கொள்ளாத நோய் என்பதால், ஒன்றும் ஆகவில்லையே என்று அந்தப் பழக்கம் நிலைத்துவிடுகிறது. இதில் பணத்துக்கும் பங்குண்டு. மனம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

‘இந்த வயசுக்கு மேல என்ன இருக்கு’ என்ற பேச்சை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரிடம் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவைத்திருந்தார்கள். அவர்களில் யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நாளை என்று ஒன்று இருப்பதாக நம்புகிறவர்தான் இன்று நடக்கப் போவார்.

அந்த நம்பிக்கையைப் பிடுங்குவது பெரும்பாலும் நாம்தான், அதுவும் அன்பின் பெயரால். ‘நீங்க சும்மா உக்காருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்’ என்று கடைக்குப் போகும் பையை வாங்கிவிடுகிறோம். விழுந்துவிடுவார் என்று மாடிப்படியைத் தடுக்கிறோம். நடக்காத கால் மெலிகிறது, மெலிந்த கால்தான் விழுகிறது. 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட்டின் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், பிடித்த செடியை எடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில் செடியையும் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் வேலையைப் பணியாளர்களிடம் விட்டார்கள். சில வாரங்களிலேயே முதல் தளத்துக்காரர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. மருந்து எதையும் மாற்றவில்லை. முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவர்களிடம் போயிற்று.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் அருமையும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண் அதே வட்டாரத்தவர். பேர் சொல்லிக் கூப்பிட்டு, போன முறை தந்த மாத்திரை முடிந்துவிட்டதா என்று கேட்க ஒருவர் இருக்கிறார். அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் மட்டும் விட்டுவிடலாகாது.

ஆகவே பெற்றோரிடம் போனில் மாத்திரை போட்டீர்களா என்று விசாரிப்பதற்கு முன், இன்று என்ன சமைத்தீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று கேளுங்கள். முடிந்த நாளில் போய்க் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். மருத்துவமனையில் பார்க்கிறேன்: ‘எப்படி இருக்கு?’ என்று மருத்துவர் கேட்டதும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். நோயாளி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அழைத்துப் போகும்போது தயவுசெய்து அவர்களையே பேச விடுங்கள்.